200 மீட்டரில் வலது பக்கம்!

நம் ஊரில் 'எனக்கு வழி தெரியாது' என்று சொல்கிற ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. தெரியாவிட்டாலும் சொல்வார்கள். அது ஒரு விருந்தோம்பல்! ''நேரா போங்க சார், ஒரு புளியமரம் வரும், அதை விட்டுடுங்க. அப்புறம் டூரிங் டாக்கீஸ் இருந்த இடம் வரும்...'' இருந்த இடம்! இடித்துப் பதினைந்து வருஷமான டாக்கீஸை வெளியூர்க்காரன் எங்கே போய்த் தேடுவான்?

இந்த இம்சைக்கு விடிவாகத்தான் காருக்குள் ஜி.பி.எஸ். வந்தது. அதற்குப் புளியமரம் வேண்டாம். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் அமெரிக்க சாட்டிலைட்டுகள் ஓயாமல் நேரத்தைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. நம் கருவி குறைந்தது நாலு சாட்டிலைட்டின் சிக்னலைப் பிடித்து, ஒவ்வொன்றும் வந்துசேர எவ்வளவு நேரம் ஆனது என்று கணக்குப் போட்டு, நாம் நிற்கும் இடத்தைச் சொல்லிவிடுகிறது. வாடகை ஒரு பைசா கிடையாது.

இலவசத்துக்குப் பின்னால் ஒரு சோகக் கதை. 1983 செப்டம்பர் 1-ம் தேதி, வழி விலகி சோவியத் வான்வெளிக்குள் நுழைந்த கொரியப் பயணி விமானத்தைச் சுட்டு வீழ்த்தினார்கள். 269 பேர் பலி. ராணுவத்துக்காகத் தயாராகிக்கொண்டிருந்த ஜி.பி.எஸ்.ஸைப் பொதுமக்களுக்கும் தருவோம் என்று ரீகன் அரசு அந்த மாதமே அறிவித்தது. ஆனாலும் மனசு வரவில்லை. சுமார் 100 மீட்டர் முன்னே பின்னே காட்டும்படி வேண்டுமென்றே பிசகு வைத்துத்தான் கொடுத்தார்கள். 100 மீட்டர் பிசகினால் பக்கத்து மண்டபத்தில் மொய் எழுதிவிட்டு வர வேண்டியதுதான்! 2000 மே மாதம் அந்தப் பிசகை எடுத்தார்கள். கார்க் கருவிகளுக்கு யோகம் அடித்தது.

சரி, எதை வாங்குவது? தனிக் கருவியா, கையில் இருக்கும் செல்போனே போதுமா? நான் பி.காம். எதையும் வரவு, செலவு என்று எழுதிப் பார்த்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

தனிக் கருவி. வரவு: மேப் முழுக்க அதன் வயிற்றிலேயே இருக்கும், டவர் இல்லாத மலைப்பாதையிலும் வழி சொல்லும், நட்ட நடு ரோட்டில் யாரும் போன் பண்ணித் தொந்தரவு செய்ய முடியாது. செலவு: தனியாகக் காசு. மேப்பைப் புதுப்பிக்காவிட்டால் புது பைபாஸில் போகும்போது நம்மை வயக்காட்டில் ஓட்டுவதாகக் காட்டும்.

செல்போன். வரவு: முன்னால் டிராஃபிக் ஜாம் என்றால் முன்கூட்டியே சொல்லும். செலவு: டேட்டா, பாட்டரி, சித்திரை வெயிலில் டேஷ்போர்டில் வைத்தால் ஜுரம் வந்து படுத்துவிடும்.

ஐந்தொகை போட்டதில் எனக்கு செல்போனே போதும் என்று வந்தது. ஒரே நிபந்தனை, கிளம்புமுன் போகிற ஊர்களின் மேப்பை டவுன்லோடு செய்துவிட வேண்டும். போனில் உள்ள ஜி.பி.எஸ்.ஸுக்கு டவர் தேவையில்லை. மேப் வந்து சேரத்தான் டவர் வேண்டும். அடிக்கடி காடு மலை என்று கிளம்புகிறவர்கள் தனிக் கருவி வாங்கலாம். இந்திய மேப் இருக்கிறதா, புதுப்பிப்பு இலவசமா என்று கடையில் கேட்டுவிட்டுப் பர்ஸைத் திறங்கள்.

எதுவானாலும் ஸ்டாண்டில் மாட்டுங்கள், பார்வையை மறைக்காமல். போக வேண்டிய ஊரை வண்டி நிற்கும்போதே தட்டிவிடுங்கள். வழி பார்க்க மட்டும், அதுவும் கவனம் சிதறாமல் செல்போனை உபயோகிக்கலாம் என்பது 2020 அக்டோபரில் அமலுக்கு வந்த விதி.

இவ்வளவும் செய்தாலும் கருவிக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. நாம் இருக்கும் இடம் அதற்குத் தெரியும். எதிரே ரோடு இருக்கும் லட்சணம் தெரியாது. 2024 ஜனவரியில் கூடலூரில், மேப்பை நம்பிய கர்நாடகச் சுற்றுலாக்காரர்களின் கார் படிக்கட்டில் இறங்கி நின்றது. சிரித்தோம். அதே வருஷம் நவம்பரில் உத்தரப்பிரதேசத்தின் பரேலி அருகே, பாதியில் நின்ற பாலத்திலிருந்து ஒரு கார் ராம்கங்கா நதியில் விழுந்து மூன்று பேர் செத்துப்போனார்கள். அவர்களும் மேப் பார்த்துத்தான் போனார்கள் என்றது செய்தி. சிரிப்பு நின்றுவிட்டது.

என் மாமனார் முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். டேஷ்போர்டில் செல்போன் ஏறிய நாளிலிருந்து பின் சீட்டில் மௌன விரதம். ''அதான் அந்தம்மா சொல்லுதே, நான் எதுக்கு?'' என்பார். ஒரு கார்த்திகை மாச மழையில் திருவண்ணாமலைப் பக்கம் போய்க்கொண்டிருந்தோம். எட்டு கிலோமீட்டர் மிச்சம் என்று போன் ஒரு கிளை ரோட்டைக் காட்டியது. விரதம் கலைந்தது.

''மாப்ளே, அதுல ஒரு தரைப்பாலம் உண்டு. மழைன்னா தண்ணி மேல ஏறிடும். வேணாம்.''

வண்டியை ஓரம் கட்டி டீக்கடையில் விசாரித்தேன். ''காலையிலேர்ந்தே தண்ணி போகுது சார். ஒரு டூவீலரை அடிச்சிட்டுப் போயிடுச்சு. ஆளைக் கயிறு போட்டுத் தூக்கினோம்'' என்றார் டீ ஆற்றிக்கொண்டே. என் மூன்று வயசுப் பெண் தாத்தா மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் மெயின் ரோட்டிலேயே போனேன்.

அன்றிலிருந்து முன் சீட்டு மாமனாருக்கு. கருவி மசோதா கொண்டுவரும். இவர் கவர்னர் மாதிரி கையெழுத்துப் போட்டால்தான் சட்டம். மாமனார் இல்லாத நாளில் டீக்கடைக்காரர் பொறுப்பு கவர்னர். மழைக்காலத்திலும், முன்பின் தெரியாத கிளை ரோட்டிலும் நீங்களும் ஓர் ஆளைக் கேட்டுவிடுங்கள். புளியமரக் கதை சொன்னாலும் பரவாயில்லை.

அதற்காக அந்தம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். எத்தனை தடவை தப்பாகத் திரும்பினாலும் சலிக்காமல் புது வழி போடுகிறது. 'நான் அப்பவே சொன்னேனே, கேட்டீங்களா?' என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

என் காரில் அப்படிக் கேட்காத குரல் அது ஒன்றுதான்!