தவளைக் கண் காரும் என் மகளும்

எங்கள் தோட்டத்தில் சாதாரண தரப் பரீட்சை எழுதிய பெண்பிள்ளைகள் பெறுபேறு வரும்வரை தையல் பழகுவார்கள், கணினி வகுப்புக்குப் போவார்கள், வீட்டில் கஷ்டம் என்றால் கொழும்புக்குக் கடை வேலைக்கோ கார்மெண்ட்ஸுக்கோ போவார்கள். 2018ஆம் ஆண்டு தொடக்கத்தில், பதினாறு வயதில், என் மகள் கேட்டது ஒரு பழைய காரை. ஓட்டுவதற்கு அல்ல, கழற்றிப் பூட்டுவதற்கு.

எங்கள் வீடு ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் இடையில் ஒரு லயம். நான் பிள்ளை மடுவத்தில் வேலை செய்கிறேன். கணவர் கொழுந்து லொறி ஓட்டுகிறார். கார் வாங்கும் குடும்பம் அல்ல என்பது சகோதரிகளுக்குச் சொல்லாமலே விளங்கும்.

அந்தக் காரை எங்களுக்கு முன்பே தெரியும். என் அப்பா துரை பங்களாவில் டிரைவர். அந்த நாளில் ஒரு வெள்ளைக்கார சின்ன துரையிடம் இருந்த இரண்டு பேர் அமரும் சின்ன ரேஸ் கார் அது. கழுவித் துடைத்ததெல்லாம் அப்பாதான். சித்திரை மாதத்தில் நுவரெலியா மஹகஸ்தொட்ட மலையேற்ற ஓட்டம் பார்க்கத் துரை அதில்தான் போவாராம். தேயிலைச் செடிகளுக்கு நடுவே வளைந்து ஏறும் பாதையில் 1934இல் தொடங்கிய ஓட்டம் அது. 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது துரை சீமைக்குப் போனார். காரைப் பெரிய கிளாக்கர் வாங்கினார். அவர் காலமான பிறகு அது அவருடைய வீட்டுக் கொட்டகையில் கோழி அடையும் இடமாயிற்று. முப்பது வருடத்துக்கு மேல் யாரும் அதைத் தொடவில்லை.

காரின் பெயர் ஒஸ்டின் ஹீலி ஸ்பிரைட். 1958 மே மாதம் வெளிவந்து, 1961 வரை ஏறத்தாழ 49,000 செய்தார்களாம். முன்விளக்குகள் இரண்டும் மூடியின்மேல் உருண்டு நிற்கும். அதனால் இங்கிலாந்தில் அதைத் தவளைக் கண் என்கிறார்கள். விளக்குகள் மடங்கி உள்ளே போகும்படிதான் முதலில் திட்டமிட்டார்களாம். செலவு கூடுகிறது என்று அப்படியே நிறுத்திவிட்டார்கள். கதவுக்கு வெளியே கைபிடி கிடையாது. பின்னால் டிக்கிக்குத் திறப்பும் கிடையாது, சாமான் வைக்க ஆசனத்தை மடித்து உள்ளேயிருந்து தள்ள வேண்டும். எல்லாம் காசு மிச்சம் பிடித்த வேலை. சீமையிலும் சிக்கனக்காரர் உண்டு என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

இலக்கத் தகட்டில் ஸ்ரீ எழுத்து. 1957, 58ஆம் ஆண்டுகளில் அந்த எழுத்தை எதிர்த்துத் தமிழர்கள் போராடியதையும் அதன் சூடு மலையகத்திலும் பட்டதையும் அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தத் தகட்டை மகள் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தபோது எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

கிளாக்கரம்மா 55,000 ரூபாய் கேட்டார். அப்போது தோட்டத்தில் அடிப்படை நாள் சம்பளம் 500 ரூபாய். நூற்றுப் பத்து நாள் கொழுந்து அது. என் கையில் சீட்டுக் காசு இருந்தது, மகளுக்குத் தோடும் சங்கிலியும் செய்யச் சேர்த்தது. "அந்தத் தோட்டுக் காசைத்தாம்மா கேக்குறேன்" என்றாள். என் நாத்தனார், "பொம்பளப் புள்ள கையில ஸ்பானரக் குடுத்தா, நாளைக்கு மாப்பிள்ளை வீட்டாருக்கு என்னத்தச் சொல்றது அண்ணி?" என்று கேட்டார். கணவர் ஒன்றும் சொல்லவில்லை, லொறியின் பழைய ஜேக்கைத் தேடி எடுத்து வைத்தார். மகளுக்குப் பதினெட்டு ஆகாததால் பதிவுப் புத்தகத்தில் என் பெயரை ஏற்றினோம். என் பெயரில் இருந்த முதல் சொத்து அதுதான்.

கார் வந்து இறங்கியதைப் பார்க்க லயமே கூடியது. தரைத் தகடு கையோடு வந்தது. ஆசனத்துக்குள் எலிக்கூடு. எஞ்சின் இறுகிக் கிடந்தது.

இந்த வேலையில் அவளுக்குக் குருவாக வந்தவர் டவுனில் கராஜ் வைத்திருந்த வயதான சிங்களப் பாஸ் ஒருவர். காலமெல்லாம் மொரிஸ் மைனர் திருத்தியவர். அவர் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "மகள், இது ரேஸ் கார் இல்ல. சட்டை மட்டுந்தான் ரேஸ்" என்றார். அது உண்மை. ஸ்பிரைட்டின் ஸ்டியரிங் பல்சட்டம் மொரிஸ் மைனருடையது. முன் சஸ்பென்ஷன் ஒஸ்டின் ஏ35 காருடையது. 948 சீசீ எஞ்சினும் மைனர் ஆயிரத்தில் இருந்த அதே குடும்பம்தான். இரண்டு காபரேட்டர் போட்டு 43 குதிரைவலு எடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். துரைமாரின் விளையாட்டுக் காரை டீச்சர்மாரும் டாக்டர்மாரும் ஓட்டிய காரின் உறுப்புகளை வைத்தே செய்திருக்கிறார்கள். மைனர் இந்த நாட்டில் எத்தனை ஓடியது! 1990களில் அதன் உதிரிப்பாகங்களைத் தெற்கில் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பினார்கள். ஆகவே கேஸ்கட், வால்வு, பேரிங் என்று பாதிச் சாமான் கொழும்பு பஞ்சிகாவத்தையில் கிடைத்தது. கணவர் கொழும்புக்கு லொறி கொண்டுபோகும் போதெல்லாம் துண்டெழுதிக் கொடுத்துவிடுவாள்.

கிடைக்காதது உடம்பு. இந்தக் காருக்கு லொறிபோலத் தனிச் சட்டம் இல்லை, தகட்டு உடம்பேதான் எலும்பு. பின் வில் இரண்டும் தரையோடு சேர்ந்த பெட்டிபோன்ற இடத்தில் பொருந்தும். அந்தப் பெட்டி துருப்பிடித்துவிட்டால் வில் தரையைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். எங்கள் காரில் இடது பக்கம் விரல் போகும் அளவுக்கு ஓட்டை. கதவுக்குக் கீழே உள்ள தகட்டை வெட்டுவதற்கு முன் கதவு வாயிலில் குறுக்கே ஆங்கிள் இரும்பு வைத்துப் பற்ற வைக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் உடம்பு தொய்ந்து கதவு ஒருநாளும் பூட்டாது. இதை அவள் எனக்கு விளக்கியது தோசை மாவு டப்பாவை வைத்து. மூடியைக் கழற்றிவிட்டு டப்பாவை அமுக்கிக் காட்டினாள். மடுவத்தில் பிள்ளைகளுக்கு நான்கூட இவ்வளவு தெளிவாகச் சொல்லிக் கொடுத்ததில்லை.

பாஸ் வெல்டிங் கற்றுக்கொடுத்தார். முதல் ஆறு மாதம் காரில் கைவைக்க விடவில்லை, பழைய தகரத்தில்தான் பழக விட்டார். கண்ணாடி முகமூடி போட்டுக்கொண்டு பொறி பறக்க அவள் நிற்பதைக் கொழுந்தெடுத்து வரும் பெண்கள் நின்று பார்ப்பார்கள். "எங்க வீட்டு வாளியும் ஒழுகுது, ஒட்டித் தாரியா பாப்பா?" என்று ஒருத்தி கேட்டார். ஒட்டிக் கொடுத்தாள். அதன் பிறகு வாளி, தண்ணீர்க் குடம், கோயில் கேட் என்று வரிசை வந்தது. வெல்டிங் கம்பிக் காசு அதில் கிடைத்தது. நாத்தனாரின் அடுப்புத் தட்டும் அந்த வரிசையில் வந்தது.

உயர்தரத்தில் பொறியியல் தொழினுட்பம் எடுத்திருந்தாள். 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டார்கள். பாடசாலை மூடியது, கொட்டகை திறந்தது. பகலில் எஞ்சின், இரவில் பாடம். பெட்டரியின் நேர் முனையைத்தான் இந்தக் காரின் உடலோடு இணைக்க வேண்டும், இப்போதைய வண்டிகளுக்கு நேர் எதிர். கணவர் பழக்கத்தில் மாற்றி மாட்டப்போக, அவள் ஓடிவந்து கையைப் பிடித்தாள். எஞ்சினைச் சீக்கிரம் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்க அவருக்குத்தான் அவசரம். பிரேக் ரப்பர் எல்லாம் மாற்றி முடிக்கும்வரை மகள் விடவில்லை. "நிக்க முடியாத காரு எதுக்குப்பா ஓடணும்?" என்றாள். எங்கள் பாதையின் இறக்கம் தெரிந்தவர்களுக்கு அதன் நியாயம் புரியும். மே மாதக் கடைசியில் ஒரு பின்னேரம் எஞ்சின் பிடித்தது. லயத்துக் கோழிகள் எல்லாம் தேயிலைக்குள் ஓடிவிட்டன.

பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதவில்லை. ஒரு பயிற்சி நிலையத்தில் வாகனத் தொழினுட்பத்துக்கு விண்ணப்பித்தோம். பெண்பிள்ளைகளுக்கு வசதி இல்லை என்று தையல் பிரிவைக் காட்டினார்கள். இன்னொரு இடத்தில் நேர்முகத்துக்கு வெல்டிங் செய்த படங்களைக் கொண்டுபோனாள். அங்கே எடுத்துக்கொண்டார்கள்.

2022 எரிபொருள் பஞ்சத்தை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். கியூஆர் முறை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5 லீற்றர் என்று அறிவித்தார்கள். எங்கள் காருக்கு முந்திய வருடமே புகைப் பரிசோதனை முடித்து வருமான அனுமதிப்பத்திரம் எடுத்திருந்தோம், இரண்டாம் தடவையில்தான் தேறியது. ஆக லயத்திலேயே அதிகம் பெற்றோல் கிடைத்தது தவளைக்குத்தான். மடுவத்துப் பிள்ளை ஒன்றுக்கு இழுப்பு வந்த இரவில் தாயும் பிள்ளையும் ஒரே ஆசனத்தில் அமர, மகள் டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போனாள். கூரைத் துணி வழியே மழை ஒழுக, நான் கொடுத்துவிட்ட உரச்சாக்கை மூவரும் தலையில் பிடித்துக்கொண்டார்களாம்.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி தனியார் காருக்கு மீண்டும் வந்தது 2025 பெப்ரவரியில்தான். இடையில் பழைய காருக்கெல்லாம் பொன் விலை. 2023இல் கொழும்பிலிருந்து ஒருவர் தேடி வந்தார். 22 இலட்சம் தருகிறேன் என்றார். யார் திருத்தியது என்று கேட்டார். மகள் என்றோம். "நல்லது, நல்லது" என்று சொல்லிவிட்டு, எஞ்சின் விசயம் முழுவதையும் என் கணவரிடமே கேட்டார். ஒவ்வொரு கேள்விக்கும் அவர் மகளைத் திரும்பிப் பார்ப்பார், அவள் சொல்வதை அப்படியே திருப்பிச் சொல்வார். கையெழுத்து யாருடையது என்று கேட்டபோதுதான் என்னைப் பார்த்தார்கள்.

22 இலட்சத்தை நினைத்து அன்றிரவு எனக்குத் தூக்கம் இல்லை. லயக் கூரை, கணவரின் கடன், மகளின் கலியாணம், எல்லாம் அதற்குள் அடங்கும். "உங்க பேர்லதானேம்மா இருக்கு, நீங்களே சொல்லுங்க" என்றுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். காலையில் பெரட்டுக்கு முன்பே அவருக்குத் தொலைபேசியில் முடியாது என்று சொன்னேன். கடனைக் கட்ட இன்னும் ஒன்றரை வருடம் பிடித்தது.

இப்போது மகள் கண்டியில் ஒரு கராஜில் வேலை செய்கிறாள். பதிவுப் புத்தகத்தை அவள் பெயருக்கு மாற்றியாகிவிட்டது. மாதம் ஒருமுறை வருவாள். மற்ற நாளில் பெட்டரி இறங்காமல் ஓட்டி வைப்பது அப்பாவின் பொறுப்பு. முதலாம் கியருக்கு இரண்டு தடவை கிளட்ச் மிதிக்க வேண்டும் என்பது பழைய லொறிக்காரரான அவருக்குப் பெருமை. வலது பக்க வில்லின் புஷ் தேய்ந்து சத்தம் போடுகிறது, துண்டு எழுதி அனுப்பியிருக்கிறார்.