இரண்டு குடித்தனம்

எங்கள் வீட்டுக் கணனிக்குள் சில வருடங்கள் இரண்டு குடித்தனங்கள் இருந்தன. டோர்ட்முண்ட் நகரில் 2001இல் பழையதாக வாங்கிய பெட்டி. முதலில் வின்டோஸ் 98 மட்டும்தான். அதில் பாமினி எழுத்துருவை ஏற்றி ஐயாவை முன்னால் இருத்தினோம். கச்சேரியில் முப்பது வருடம் தட்டெழுத்தாளராக இருந்தவர். விசைகளின் ஒழுங்கு பழைய தட்டச்சு யந்திரத்தை ஒத்திருக்கவே, பத்து விரலாலும் அடித்தார். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு, நாவற்குழிப் பாலம் தாண்டிக் கொடிகாமம் வரை நடந்த கதையை எழுதினார். நாற்பத்தியொரு பக்கங்கள். 2004இல் காலமானார்.

அடுத்த வருடம் மகன் வன்தட்டை இரண்டாகப் பிரித்து மற்றப் பாதியில் லினக்ஸை ஏற்றினான். பெட்டியைப் போட்டதும் கறுப்புத் திரையில் இரண்டு பெயர்கள் வரும், ஒன்றைத் தெரியவேண்டும். மணிக்கூட்டிலும் இரண்டுக்கும் பிணக்கு. பெட்டிக்குள் ஓடும் நேரத்தை ஒன்று ஜேர்மன் நேரமென்றது, மற்றது கிறினிச் நேரமென்றது. குளிர்காலத்தில் ஒரு மணித்தியாலம் வித்தியாசம், கோடையில் இரண்டு. ஊர் நேரமும் இந்த நேரமுமாக வாழ்ந்து பழகிய எங்களுக்கு அது புதினமாகப் படவில்லை.

ஒருநாள் மகன் லினக்ஸ் பக்கத்திலிருந்து ஐயாவின் கோப்பைத் திறந்தான்.

“அப்பா, அப்பப்பா என்ன பாஷையிலை எழுதினவர்?”

திரை நிறைய ஆங்கில எழுத்துக்கள். ‘அம்மா’ இருந்த இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச். ஆங்கில எழுத்துக்களின்மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திய ஏற்பாடுதான் பாமினி. போர்வையை எடுத்தால் உள்ளே தமிழ் இல்லை. யுனிகோட்டில் அகரத்துக்கும் மகரத்துக்கும் தமக்கென்றே இலக்கங்கள் உண்டு.

2006இல் வின்டோஸ் 98க்கான ஆதரவு நின்றது. “பழைய பாதியை அழிப்பம், இடம் காணாது” என்று மகன் கேட்டுக்கொண்டேயிருந்தான். அவன் கேட்டதில் பிழையில்லை. ஐயாவின் எழுத்தை முதலில் மாற்றித் தா என்றோம். சின்ன நிரலொன்று எழுதினான். பாமினியில் கொம்பு எழுத்துக்கு முன்னே நிற்கும். யுனிகோட்டில் எழுத்துக்குப் பின்னே பதியவேண்டும். முதல் முயற்சியில் கொம்புகள் இடம்மாறி, கொடிகாமம் உருக்குலைந்து கிடந்தது.

ஒரு நேரத்தில் ஒரு குடித்தனந்தான் விழித்திருக்கும். ஆகவே பழைய பக்கங்களை அச்செடுத்துக்கொண்டு, வேலையால் வந்த இரவுகளில் ஒருவர் வாசிக்க மற்றவர் புதிய பக்கத்தில் திருத்தினோம். பாலத்தடிச் சனநெரிசல் வந்த பக்கத்தில் வாசிப்பு நின்று நின்று போனது.

கடைசிப் பக்கம். கொடிகாமத்தில் அம்மா கண்மூடியதைச் சொல்லும் வரியில் அம்மாவின் பெயர் எழுத்துப் பிழையோடு இருந்தது. நிரலின் வேலையென்று நினைத்து அச்சைப் பார்த்தோம். அச்சிலும் அதே பிழை. நாற்பத்தியொரு பக்கங்களில் ஐயா விட்ட பிழை அது ஒன்றுதான்.

2008இல் பழைய பாதியை அழித்தோம். இப்போது அந்தப் பக்கங்கள் எங்கள் கைத்தொலைபேசியிலும் திறக்கின்றன. கொடிகாமம் என்று தேடினால் அகப்படுகிறது. அம்மாவின் பெயரைத் தேடினால் மட்டும் அந்தக் கடைசி வரி வராது. நாங்கள் அதைத் திருத்தவில்லை.