தங்கச்சியின் சூட்கேஸும் ஹலீமாவின் சூட்கேஸும்



எங்கள் வீட்டுக் கடைசித் தங்கச்சி ஜனவரியில் லீட்ஸுக்குப் போகிறாள். மாப்பிள்ளை அங்கே படிக்கிறார். மூன்று நாளாக ஹோலில் சூட்கேஸ் திறந்தபடி கிடக்கிறது. மொத்தம் 30 கிலோ. உம்மா கருவாடு, மிளகாய்த்தூள் என்று ஒரு பக்கம் அடுக்க, ராத்தாமார் நாங்கள் மூன்று பேரும் குளிர் உடுப்புக்கு இடம் பிடிக்கிறோம்.

எங்களுக்குத் தெரிந்த குளிர் நுவரெலியாக் குளிர்தான். லீவில் போய், பேல் பஸாரில் ஜக்கெட் வாங்கிப் போட்டு, நாலு படம் எடுத்துவிட்டு இறங்கி வந்தவர்கள் நாங்கள். பனிக்கு எப்படி உடுப்பது என்று எங்களுக்கு என்ன தெரியும்?

ஆனால் தங்கச்சியின் பயம் குளிர் இல்லை. "அங்க எல்லாரும் கோட்டும் ஜீன்ஸுமா நிப்பாங்க. நான் மட்டும் அபாயாவோட நிண்டா எப்படி ராத்தா இருக்கும்?" என்றாள்.

அவளுக்குக் காட்டத்தான் ஹலீமா ஏடனின் படங்களைத் தேடி எடுத்தோம். சோமாலியப் பிள்ளை. 1997இல் கென்யாவின் ககூமா அகதி முகாமில் பிறந்து, சிறு வயதிலேயே அமெரிக்கா போனவர். வளர்ந்தது மினசோட்டாவில். குளிர்காலத்தில் மைனஸ் 20 பாகைக்கு இறங்குவது அங்கே புதினமில்லை. 2016இல் மிஸ் மினசோட்டா போட்டியில் ஹிஜாபோடு மேடை ஏறினார். அடுத்த வருடமே நியூயோர்க், மிலான் மேடைகளில் ஹிஜாபோடு நடந்தார். மொடலிங் கூடுமா கூடாதா என்று வாதிட நாங்கள் வரவில்லை. அவர் உடுக்கிற விதத்தில் எங்களுக்குப் பாடம் இருந்தது.

ஒரு படத்தில் தலைப்பாகைபோல் கட்டிய ஸ்கார்ஃப், கழுத்தை மூடிய ஸ்வெட்டர். இன்னொன்றில் கணுக்கால்வரை கோட். ஒன்றைப்போல் ஒன்றில்லை, ஆனால் எல்லாவற்றிலும் அவர் அவராகவே தெரிகிறார். பார்க்கப் பார்க்க ஒன்று விளங்கியது: குளிர்காலம் மூடி உடுப்பவர்களின் காலம். எல்லாரும் தலையை மூடி, கழுத்தைச் சுற்றி, கையை மறைத்துத்தான் வெளியே இறங்குவார்கள். எங்கள் பிள்ளைக்கு அதில் பாதி வேலை ஏற்கெனவே பழக்கம்.

நாங்கள் எடுத்துக்கொண்டது இவ்வளவுதான். ஒரு தடித்த உடுப்பைவிட மூன்று மெல்லிய உடுப்பு நல்லது. இடையில் நிற்கிற காற்றுதான் சூட்டைக் காக்கும். வகுப்பில் படிப்பிக்கிற அதே வெப்ப அரிதிற்கடத்திப் பாடம். உள்ளே உடம்போடு ஒட்டிய தேர்மல், மேலே கம்பளி ஸ்வெட்டர், அதற்குமேல் அபாயா அல்லது நீண்ட பாவாடை. கட்டை ஜக்கெட் வேண்டாம், காற்றில் அபாயா பறக்கும். முழங்காலுக்குக் கீழே இறங்குகிற கோட் அதைப் பிடித்து வைக்கும். அபாயாவின் கரையை இரண்டு அங்குலம் மடித்துத் தைத்தோம், ஈரத்தில் இழுபடக் கூடாது. கறுப்புக்கு ஒரு கடுகு மஞ்சள் ஷோல்.

படம் பார்த்த கையோடு அவருடைய கதையையும் வாசித்தோம். அதில் ஒரு சூட்கேஸ் வருகிறது. தொடக்கத்தில் ஒவ்வொரு படப்பிடிப்புக்கும் ஹலீமா தன் சொந்த ஹிஜாப், நீண்ட சட்டை, பாவாடைகளை நிரப்பிய பெட்டியோடுதான் போவாராம். போகப் போக மற்றவர்கள் தருவதை உடுக்கத் தொடங்கினார். ஹிஜாப் சிறுத்துக்கொண்டே வந்தது. ஒரு விளம்பரத்தில் ஜீன்ஸையே தலையில் சுற்றிவிட்டார்கள். அதுவரை பாவாடையும் நீண்ட சட்டையும் மட்டுமே உடுத்த பிள்ளை அவர். 2020 நவம்பரில், போதும் என்று மேடையை விட்டார். தவறிப்போன தொழுகைகளைப் பற்றி எழுதினார். உம்மா எப்போதோ விடச் சொன்னார், கேட்கவில்லை என்றும் எழுதினார்.

இதைச் சத்தமாக வாசித்தபோது எங்கள் உம்மா கருவாட்டுப் பார்சலைக் கட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். "அந்தப் பிள்ளைட உம்மாவும் பாவம்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அவளிடம் நாங்கள் இதை உபதேசமாகச் சொல்லவில்லை. அங்கே போய் என்ன உடுக்கிறாள் என்று பார்க்க நாங்கள் இருக்கப் போவதுமில்லை. கோட்டும் பூட்ஸும் அங்கே போய் மலிவுக்கு வாங்கலாம். வாங்கட்டும், விதம் விதமாக உடுக்கட்டும், அழகாக இருக்கட்டும். ஆனால் அது அவளுடைய தெரிவாக இருக்க வேண்டும். வித்தியாசமாகத் தெரிகிறோமே என்ற வெட்கத்தில் ஒவ்வொன்றாகக் கழன்று போகக் கூடாது.

நேற்று இரவு பார்த்தால், அவளே அலுமாரியிலிருந்து இரண்டு அபாயாவையும் தன் பழைய கறுப்பு ஸ்கார்ஃபையும் எடுத்து சூட்கேஸில் மேலாக வைத்திருந்தாள். நிறை கூடிவிட்டது. உம்மாவின் கருவாட்டில் ஒரு பார்சல் குறைந்தது.

குளிர் நாடுகளில் இருக்கிற சகோதரிகளே, ஐஸில் வழுக்காத பூட்ஸ் எது, ஹிஜாபுக்கு மேலே தொப்பி எப்படிப் போடுவது என்று கீழே சொல்லுங்கள். பிள்ளையின் பயணம் லேசாக துஆச் செய்யுங்கள்.