வாடகை குறைந்தது, செலவு குறைந்ததா?

லேப்டாப்பும் நல்ல இணைய இணைப்பும் இருந்தால் எங்கிருந்தும் வேலை பார்க்கலாம் என்று ஆன பிறகு, பல வீடுகளில் இரவுச் சாப்பாட்டின்போது ஒரு கேள்வி எழுகிறது. 'அப்புறம் எதற்கு சென்னையில் இவ்வளவு வாடகை கொடுத்துக்கொண்டு இருக்கணும்?'

வேளச்சேரியில் மாதம் 24,000 ரூபாய் வாடகை கொடுத்துவந்த ஒரு தம்பதிக்கும் அந்தக் கேள்வி வந்தது. கணவருக்கு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. மனைவி வீட்டிலிருந்தபடியே ஒரு நிறுவனத்துக்குக் கணக்கு எழுதுபவர். மூன்று வயதில் ஒரு மகள். கணவர் மாதம் இரண்டு முறை அலுவலகத்தில் தலைகாட்டினால் போதும் என்று நிறுவனம் சொல்லிவிட்டது. மனதில் இருந்த ஊர், கல்யாணமான புதிதில் போய்வந்த புதுச்சேரி.

ஆசை மட்டும் இல்லை, அதற்குப் பின்னால் ஒரு கணக்கும் இருந்தது. சென்னைப் புறநகரில் 40 லட்சம் ரூபாய்க்கு ஒரு ஃபிளாட் வாங்க வேண்டும் என்பது அவர்கள் கனவு. அந்த விலைக்கு வங்கி 80 சதவீதம்வரை கடன் தரும். மீதி 8 லட்சம் கையில் இருக்க வேண்டும். கடற்கரையோரம் 13,000 ரூபாய்க்கு வீடு கிடைத்தது. மாதம் 11,000 மிச்சம். வருடத்துக்கு 1,32,000. ஆறே வருடத்தில் 8 லட்சம் சேர்ந்துவிடும் என்று மனைவி நோட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார். 2024 ஜூன் மாதம் லாரியில் சாமான் ஏறியது.

வீடு இருந்தது புதுச்சேரியில் இல்லை. ஊர் எல்லையைத் தாண்டினால் வரும் கோட்டக்குப்பத்தில், தந்திராயன்குப்பம் கடற்கரைக்குப் பக்கத்தில். அலைச்சறுக்குப் பலகையோடு இளைஞர்கள் திரியும் அந்த இடத்தை வெளியூர்க்காரர்கள் செரினிட்டி பீச் என்பார்கள். பக்கத்திலேயே முத்தியால்பேட்டை. அங்கே போனால் புதுச்சேரி, இங்கே வந்தால் தமிழ்நாடு. பெட்ரோல் அந்தப் பக்கம் விலை குறைவு என்பதால், ஸ்கூட்டருக்கு எல்லை தாண்டிப் போய் நிரப்பிக்கொள்ளலாம். இப்படிச் சின்னச் சின்ன லாபங்கள் முதல் மாதத்தில் நிறையத் தெரிந்தன.

செலவு மெதுவாகத்தான் தெரிந்தது.

முதலில் வந்தது கரன்ட் பில். வாடகைக்குக் கிடைத்தது மாடி வீடு. தலைக்கு மேலே மொட்டை மாடி. ஜன்னலைத் திறந்தால் கடல், மூடினால் அடுப்பு. திறந்து வைத்தாலோ அலைச்சத்தத்தில் மீட்டிங் பேச முடியாது. வேளச்சேரியில் மின்விசிறியோடு ஓடிய பகல்பொழுது, இங்கே ஏ.சி. இல்லாமல் ஓடவில்லை. ஒன்றரை டன் ஏ.சி. எட்டு மணி நேரம் ஓடினால் சுமார் பத்து யூனிட் ஆகும். இரண்டு மாதத்தில் அதுவே 400 யூனிட்டைத் தாண்டிவிடும். தமிழ்நாட்டில் முதல் 100 யூனிட் இலவசம் என்பது சரிதான். ஆனால் இரண்டு மாத உபயோகம் 500 யூனிட்டைத் தாண்டினால், கீழ்ப்படிகளில் கிடைத்த குறைந்த கட்டணமும் கைவிட்டுப் போகும். சராசரியாக மாதம் 1,500 ரூபாய் கூடுதலானது.

அடுத்து, கரன்ட் போனால் என்ன செய்வது? வேலை நேரத்தில் திரை இருண்டால் மேலதிகாரியிடம் கடலைக் காட்டி மன்னிப்புக் கேட்க முடியாது. இன்வெர்ட்டரும் பேட்டரியும் 25,000. ஒரு இணைய இணைப்பு படுத்துவிட்டால் கைகொடுக்க இன்னொன்று, மாதம் 600. குழாயில் வந்த தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. குடிக்க, சமைக்க கேன் தண்ணீர் மாதம் 700.

இத்தனையும் வைத்திருந்தும், 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது எதுவும் உதவவில்லை. புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. இன்வெர்ட்டர் சில மணி நேரத்தில் ஓய்ந்தது. கணவருக்கு இரண்டு நாள் விடுமுறை கரைந்தது. ஜன்னல் சட்டம் வழியாக மழைநீர் இறங்கிய அந்த இரவில், கீழே குடியிருந்த வீட்டுக்கார அம்மாதான் மேலே வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டார். "கடல் பக்கம்னா நாலு நாள் இப்படித்தான் இருக்கும். பயப்படாம கீழ வந்து படு கண்ணு" என்றார்.

உப்புக்காற்றுக்குப் புயல் வேண்டியதில்லை. அது தினமும் வரும். கேட்டின் கீல், துணிக்கொடிக் கம்பி, சைக்கிள் செயின், எல்லாம் துருப் பிடித்தன. ஒன்பதாவது மாதம் மனைவியின் லேப்டாப் நின்றுபோனது. உள்ளே உப்பும் ஈரமும் ஏறிவிட்டதாகச் சொன்ன பழுதுபார்ப்பவர், 14,000 ரூபாய்க்கு பில் கொடுத்தார்.

யாரும் கணக்கில் சேர்க்காத செலவு ஒன்று உண்டு. விருந்தாளிகள்! வேளச்சேரியில் இருந்தபோது வருடத்துக்கு ஒருமுறை எட்டிப்பார்க்காத உறவெல்லாம் இங்கே வந்தது. "சும்மா கடலைப் பார்த்துட்டுப் போகலாம்னு வந்தோம்" என்று சனிக்கிழமை காலை வருவார்கள். ஞாயிறு மதியம் வஞ்சிரம் வறுவலோடு சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அப்போது மீன் விலை ஏறும். அது கடலோரத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும், விருந்தாளிக்குத் தெரியாது. மாதம் 2,000 ரூபாய் இதற்கே போனது.

2025 ஜூனில், வந்து ஒரு வருடம் முடிந்த இரவு மனைவி நோட்டை விரித்தார். சாமான் ஏற்றிவந்த லாரிக்கு 12,000. இன்வெர்ட்டர் 25,000. இரண்டாவது இணைய இணைப்பு 7,200. கரன்ட் 18,000. தண்ணீர் 8,400. லேப்டாப் 14,000. விருந்தாளிகள் 24,000. கணவர் அலுவலகம் போய்வர பஸ், ஆட்டோ, சாப்பாடு 24,000. கூட்டினால் 1,32,600.

வாடகையில் மிச்சம் 1,32,000. கடலோரத்துக்கு வந்ததில் நிகர லாபம் இல்லை. நஷ்டம் 600 ரூபாய்.

"லாரி, இன்வெர்ட்டர், லேப்டாப் எல்லாம் ஒரு தடவைச் செலவுதானே? அடுத்த வருஷம் 50,000 நிற்கும்" என்றார் கணவர். அதுவும் சரிதான். ஆனால் அந்த வாரமே வீட்டுக்கார அம்மா, எப்படிச் சொல்வது என்று தயங்கியபடி மாடிப்படி ஏறி வந்தார். வாடகையை 2,000 ரூபாய் ஏற்ற வேண்டும் என்று மூத்த மகன் சொல்கிறாராம். இல்லையென்றால் வீட்டை நாள் வாடகைக்கு விட்டுவிடலாம் என்கிறாராம். வெள்ளி, சனி இரவுகளுக்குச் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஆள் வருகிறார்கள். இவர்கள் மாதம் முழுக்கக் கொடுப்பதை அந்தத் தெருவில் ஒரு மாடி நான்கு வார இறுதிகளில் சம்பாதித்துவிடுகிறது.

மனைவிக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு அந்த அம்மா சொன்னதைக் கேட்டபோது கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"இந்த மாடியில எங்க சின்னவன்தான் இருந்தான். 13,000 வருதுன்னு நீங்க கேட்டப்போ அவனே காலி பண்ணிக் கொடுத்தான். இப்போ உள்ளே தள்ளி வாடகைக்கு இருக்கான். அங்கயும் ஏத்திட்டாங்க. தினம் விடியுமுன்ன படகுக்கு வர அவனுக்கு வண்டிச் செலவு வேற" என்றார் அவர். கொஞ்சம் நிறுத்திவிட்டு, "முன்னாடி வலை காயப்போட்ட மணல் எல்லாம் இப்போ தண்ணிக்குள்ள இருக்கு. வீடு நிக்கிற வரைக்கும்தானே வாடகை வரும்?" என்றார்.

அவர் மிகைப்படுத்தவில்லை. 1980-களின் இறுதியில் புதுச்சேரி துறைமுகத்துக்காகக் கடலுக்குள் அலைத்தடுப்புச் சுவர்கள் நீட்டப்பட்டன. வருடத்தின் பெரும்பகுதியில் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகரும் மணல் அங்கே தடைபட்டது. வடக்கே இருந்த குப்பங்களின் கரையைக் கடல் அரித்தது. இன்று அந்தக் கரையில் பல இடங்களில் இருப்பது கொட்டப்பட்ட பாறாங்கற்கள்தான். கடலைப் பார்த்த வீடு என்று குடிவருபவர் சந்தோஷப்படுகிற அதே தூரம், வீட்டுக்காரருக்கு ஒவ்வொரு மழைக்காலத்திலும் அடிவயிற்றைக் கலக்குகிறது.

அன்றிரவு இருவரும் மறுபடி கணக்குப் போட்டார்கள். 50,400 ரூபாய் மிச்சத்தில் வாடகை உயர்வு 24,000 போனால் 26,400. லேப்டாப் மறுபடி படுக்காமல் இருந்தால் வருடத்துக்கு அவ்வளவுதான் நிற்கும். அந்த வேகத்தில் 8 லட்சம் சேர முப்பது வருடம் ஆகும். மகளுக்கு அப்போது 34 வயது!

திரும்பிப் போவதா? மகள் அப்போது ஜன்னலோரம் உட்கார்ந்து, கரைக்கு வரும் ஃபைபர் படகுகளை எண்ணிக்கொண்டிருந்த வயதைத் தாண்டி, எந்தப் படகு யாருடையது என்று சொல்ல ஆரம்பித்திருந்தாள். வேளச்சேரியில் அலுவலகம் போய்த் திரும்பும்போது தூங்கிப்போயிருக்கும் மகளோடு, இங்கே கணவர் தினமும் மாலை ஆறரைக்குக் கடற்கரையில் நடக்கிறார். அதற்கு நோட்டில் இதுவரை ஒரு பத்தி இல்லை.

கடைசியில் முடிவு இப்படி ஆனது. உயர்த்திய வாடகையைக் கொடுத்து, மகள் ஒன்றாம் வகுப்பு சேரும்வரை இருப்பது. ஃபிளாட்டுக்கான பணத்தை வாடகை மிச்சத்தில் தேடாமல், சம்பளம் வந்த அன்றே தனியாக எடுத்து வைப்பது. மாடிக்கு வெயில் தாங்கும் வெள்ளைப் பூச்சு அடிப்பது. அதில் பாதிச் செலவை வீட்டுக்கார அம்மாவும் ஏற்றுக்கொண்டார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கணவர் ஒரு செய்தியும் போட்டார்: 'எல்லாரும் வாங்க, சந்தோஷம். மீன் மட்டும் நீங்க வாங்கிட்டு வந்துடுங்க.' அதன்பிறகு வந்தவர்களின் எண்ணிக்கை பாதியானது. வந்தவர்கள் உண்மையிலேயே பார்க்க வந்தவர்கள்.

கடலோரம் குடிபோக நினைப்பவர்கள் ஜனவரியில் போய் வீடு பார்ப்பார்கள். காற்று இதமாக இருக்கும், ஊர் அழகாக இருக்கும். மே மாதம் ஒரு வாரம், நவம்பரில் ஒரு வாரம் அங்கே தங்கி வேலை பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது. தண்ணீரை வாயில் வைத்துப் பார்க்க வேண்டும். வீட்டுக்கு மேலே மாடியா, வெட்டவெளியா என்று பார்க்க வேண்டும். பக்கத்து வீடுகள் மாத வாடகைக்கா, நாள் வாடகைக்கா என்று விசாரிக்க வேண்டும். அந்த வீட்டில் இதற்கு முன் யார் இருந்தார், இப்போது எங்கே இருக்கிறார் என்றும் கேட்டுவைப்பதில் தவறில்லை.

புது வருட நோட்டில் மனைவி 'சேமிப்பு' என்று இருந்த தலைப்பை அடித்தார். அதன் கீழே வாடகை, கரன்ட், தண்ணீர் என்று செலவுகளை வரிசையாக எழுதினார். கடலுக்கு வந்தது சிக்கனம் என்று சொல்லிக்கொண்டிருந்தவரை ஒவ்வொரு பில்லும் வலித்தது. அது பிடித்துச் செய்கிற செலவு என்று எழுதிவைத்த பிறகு, எவ்வளவுவரை செலவு செய்யலாம் என்று பேச முடிந்தது.