சாப்பிடாத பிள்ளைகள்

வீரகேரளம்புதூர்ப் பக்கம் ஏதாவது ஒரு கல்யாண வீட்டுப் பந்தி. காலேஜ் படிக்கும் பெண் இலை முன்னால் உட்கார்ந்ததும் எதிர் வரிசையிலிருந்து ஒரு அத்தை கேட்பார், "ஏட்டி, என்ன இப்படி ஊதிக்கிட்டே போற?" அடுத்த வருஷம் அவள் மெலிந்து வந்தால், "ஏட்டி, காத்துல பறந்துருவ போலிருக்கே!" கேட்டவர் பாயசம் வந்ததும் மறந்துவிடுவார். அந்தப் பெண் மறப்பதில்லை.

காலையில் "காலேஜ்ல சாப்பிட்டுக்கிடுதேன்". ராத்திரி "வயிறு சரியில்ல". முதலில் வெள்ளிக்கிழமை விரதம் என்று வீட்டில் நினைப்பார்கள். அப்புறம் அல்சர். அப்புறம் கண் திருஷ்டி, மிளகாய் சுற்றிப் போட்டாகிவிடும். மனநோயாக இருக்கலாம் என்று மட்டும் யாருக்கும் தோன்றாது!

இதற்குப் பெயர் இல்லாமல் இல்லை. பட்டினி கிடந்தே உடம்பை உருக்குவது அனோரெக்சியா. அள்ளி அள்ளிச் சாப்பிட்டுவிட்டு வாந்தி எடுப்பது புலிமியா. 1983-ல் அமெரிக்கப் பாடகி கேரன் கார்பென்டர் 32 வயதில் அனோரெக்சியாவால் இறந்தபோதுதான் அந்த நாட்டிலேயே பலர் இதைக் கேள்விப்பட்டார்கள்.

வெள்ளைக்காரர்களின் வியாதி என்று ஒதுக்கவும் முடியாது. சென்னையில் 210 மருத்துவ மாணவர்களை ஆராய்ந்து 1998-ல் வெளியான கட்டுரை, அவர்களில் சுமார் 15 சதவீதம் பேருக்குச் சாப்பாடு, எடை பற்றிய மன உளைச்சல் இருந்ததாகச் சொன்னது. படிப்பதே மருத்துவம்!

வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 2007-ல் எழுதிய கட்டுரை இன்னும் முக்கியமானது. உணவுக் கோளாறு இருந்த 41 பிள்ளைகளில் 35 பேருக்கு மனக்காரணத்தால் வரும் வாந்திதான், மற்றவர்களுக்கே அனோரெக்சியா. ஒல்லி மாடல் அழகியைத் தேடிக்கொண்டிருந்தால் இங்கே நோய் கண்ணில் படாது. சாப்பிட்டதும் வாந்தி எடுக்கும் பிள்ளைக்கு ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றால், "நடிக்கிறா" என்று அடிப்பதுதான் நடக்கிறது. பையன்களுக்கும் வரும். அவர்கள் சொல்வதே இல்லை.

மனநோய்களில் உயிரைப் பறிப்பதில் அனோரெக்சியா முன்வரிசையில் இருக்கிறது. அடிக்கடி வாந்தி எடுத்தால் ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பே தடுமாறலாம். இன்னொன்றும் தாய்மார்களுக்குத் தெரிய வேண்டும். மாதக்கணக்கில் பட்டினி கிடந்தவளுக்கு ஒரே நாளில் கறியும் சோறுமாக ஊட்டுவது ஆபத்து. ரத்தத்தில் உப்புகளின் அளவு திடீரென்று சரிந்துவிடும். டாக்டர் பார்வையில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும்.

சிகிச்சை உண்டு, குணமாகிறவர்களும் நிறைய. பாளையங்கோட்டையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. பஸ் ஏறினால் போய்விடலாம். ஆனால், "பைத்தியத்துக்குப் பாக்காவன்னு தெரிஞ்சா எவன் பொண்ணு கேட்டு வருவான்?" என்ற கேள்வி பஸ் ஸ்டாண்டிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறது.

அப்படித் திரும்பியவர்களுக்கு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் இருக்கிறது. எண் 14416, காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். மாடியில் துணி காயப்போடும் சாக்கில் போன் பண்ணினால் தெருவில் யாருக்கும் தெரியப் போவதில்லை.