ஏரிக்கரையிலிருந்து கடற்கரைக்கு

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள ஊர் கீழ்பென்னாத்தூர். நெல்லும் கரும்பும் நிலக்கடலையும் விளையும் பூமி. மேற்கே தலையைத் திருப்பினால் அண்ணாமலை கண்ணுக்குத் தெரியும். வயல்வெளியில் வழி தவறியவன் அம்மலையைப் பார்த்தே திசை தெளிவான். கடற்கரைக்கும் இவ்வூருக்கும் சாலை வழியே ஏறத்தாழ 90 கிலோமீட்டர். நிலக்கடலையைக்கூட இங்குள்ளோர் மல்லாட்டை என்றே சொல்வதால், கடல் என்னும் ஒலியே இவ்வூர்ப் பேச்சில் விழுவதில்லை என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

ஆயினும் மீன் இவ்வட்டாரத்துக்குப் புதியதன்று. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரிகள் நிரம்பினால் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை வாங்கி விடுவார்கள். சித்திரை, வைகாசியில் நீர் வற்றும்போது வலை இறங்கும். விராலும் கெளுத்தியும் தாமாகவே வந்து சேரும். ஏரியின் மீன் பாசியைக் குத்தகைக்கு எடுப்பவர்கள் பெரும்பாலும் சிறு குடியானவர்கள். நகையை அடகு வைத்து முதல் போட்டவர்களும் அவர்களில் உண்டு. இத்தகைய ஒருவர் ஒரு விடியற்காலையில் தம் ஏரியில் மீன்களெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்து காற்றுக்குத் திணறுவதையும், பொழுது ஏறுமுன் நூற்றுக்கணக்கில் செத்து மிதப்பதையும் கண்டார். யாரோ நஞ்சு வைத்துவிட்டார்கள் என்றே எண்ணினார். அடுத்த ஊர் ஏரியிலும் முந்திய ஆண்டு இதுவே நடந்திருந்தது என்பது அவருக்குத் தெரியாது. நடந்தவர் சொல்லவில்லை. வெளியே தெரிந்தால் வியாபாரி விலையைக் குறைப்பான், குத்தகை கைமாறும் என்ற அச்சம் அவருக்கு.

இந்த மௌனத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோதுதான், கடற்கரைக்காரர்கள் தங்கள் தொழிலறிவை எவ்வாறு பகிர்ந்துகொள்கிறார்கள் என்று பார்த்து வருவோமே என்னும் எண்ணம் எழுந்தது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அக்காலத்தில் கரையில் ஆட்கள் இருப்பார்கள், பேசவும் நேரமிருக்கும். ஆகவே ஒரு மே மாதத்தில் குத்தகைக்காரர்கள் நால்வருடன் நானும் புறப்பட்டேன்.

செஞ்சியில் இராஜகிரிக் கோட்டையைப் பேருந்துச் சன்னலிலிருந்தே பார்த்துக்கொண்டோம். திண்டிவனத்தில் வண்டி மாறினோம். புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பத்தாற்றங்கரையில் அரிக்கமேடு இருக்கிறது. 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்து, உரோமையரோடு நடந்த வாணிகத்தின் தடயங்களை வெளிக்கொணர்ந்த இடம் அது. எங்களுடன் வந்தவர்களுக்கு உரோமைச் சாடிகளைவிட ஆற்றுமுகத்தில் கட்டியிருந்த படகுகளிலேயே கண். அங்கிருந்து சிறிது தொலைவில் வீராம்பட்டினம். ஆடி மாதத் தேர்த்திருவிழாவுக்குப் பெயர்பெற்ற செங்கழுநீரம்மன் கோயில் உள்ள பெரிய மீனவர் ஊர்.

மணலில் ஒரு நிழலில் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்தவர்களோடு அமர்ந்தோம். பள்ளிக்கூடம் என்று சொல்வதானால் அதுவே அவர்களுடைய பள்ளிக்கூடம். வாடை எப்போது திரும்பும், கொண்டல் எதைக் கொண்டுவரும், கச்சான் வீசினால் என்ன செய்யவேண்டும் என்பதெல்லாம் அங்கே கைவேலையோடு கைவேலையாகச் சொல்லப்படுகின்றன. கரையை ஒட்டி வடக்கும் தெற்குமாக ஓடும் நீரோட்டங்களுக்கு வன்னி, தெண்டி என்று பெயர். நீரின் நிறத்தையும் வலை இழுபடும் விதத்தையும் கொண்டு அவற்றை அறிகிறார்கள். பத்து வயதுச் சிறுவன் ஒருவன் இடையில் புகுந்து பெரியவரைத் திருத்தினான். அவர் சினங்கொள்ளாமல், “சரிதாண்டா” என்றார். எங்களூர்த் திண்ணைகளில் இதை நான் அதிகம் கண்டதில்லை.

எங்கள் குத்தகைக்காரர் ஒருவர் கேட்டார்: “பெரியவரே, மீன் அதிகம் கிடைக்கும் இடத்தையும் இப்படித்தான் எல்லாருக்கும் சொல்லிவிடுவீர்களா?” அவர் சிரித்தார். “மீன் எங்கே கிடைச்சுதுன்னு கேட்டா, கடல்லேன்னு சொல்லுவோம். காத்து எப்படி, தண்ணி எப்படின்னு கேட்டா, உள்ளதை உள்ளபடி சொல்லுவோம், ஐயா.”

இவ்விடையில் ஒரு சட்டமே அடங்கியிருப்பதாக எனக்குப் பட்டது. குமரிக் கடற்கரையில் நீண்டகாலம் பணிபுரிந்த என் குருமடத் தோழர் ஒருவர் முன்பு கூறியது அப்போது நினைவுக்கு வந்தது. அங்கே கடலடிப் பாறைத் திட்டுகளைப் ‘பார்’ என்பர். மீன் அங்கே கூடும். கரையே சிறிதாகத் தெரியும் தொலைவில், நீருக்கடியில் உள்ள பாரின் இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? கரையிலுள்ள ஆலயக் கோபுரத்தையும் அதற்குப் பின்னே தெரியும் மலைமுகட்டையும் ஒரு நேர்க்கோட்டில் வைத்துப் பார்ப்பார்கள். வேறொரு பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பையும் மற்றொரு குன்றையும் அவ்வாறே ஒன்றின்மேல் ஒன்று வரும்படி பார்ப்பார்கள். இரு கோடுகளும் சந்திக்கும் இடத்தில் படகு நின்றால் அடியில் பார் இருக்கும். இதற்குக் கணிச்சம் என்று பெயர். நாம் செபிக்கச் செல்லும் ஆலயத்தின் கோபுரம் பல கிலோமீட்டருக்கு அப்பால் ஒருவனுடைய அடுப்பெரியவும் வழிகாட்டுகிறது! ஆனால் எந்தக் கோபுரம், எந்த முகடு என்பது தந்தை மகனுக்குச் சொல்வது; அடுத்த வீட்டுக்காரனுக்குச் சொல்வதன்று. தேடிக் கண்டவனின் உழைப்பு அது. ஆபத்தைப் பற்றிய செய்தியோ எவனுக்கும் சொந்தமன்று. அதை மறைப்பவனைக் கடற்கரை மன்னிப்பதில்லை.

வீராம்பட்டினத்துக்கு நாங்கள் சென்றதற்கு மற்றொரு காரணமும் உண்டு. சென்னையிலுள்ள எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998ஆம் ஆண்டில் புதுச்சேரிக் கிராமங்களில் அறிவு மையங்களைத் தொடங்கியது. வில்லியனூர் அவற்றுக்கு நடுமையம். வேளாண் கிராமங்களுக்கு நெல்விலை, பூச்சிமருந்து பற்றிய செய்தி வேண்டியிருந்தது. வீராம்பட்டினத்தாருக்கு வேண்டியிருந்ததோ நாளைய அலையின் உயரம். சிறு படகுக்குப் பெரும் ஆபத்து நடுக்கடலில் அன்று. கரையோரத்தில் அலை உடையும் இடத்தைத் தாண்டும்போதுதான். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் அடுத்த 24 மணி நேரத்துக்கான அலை உயரமும் காற்றின் போக்கும் வெளியாகிக்கொண்டிருந்தன. அதை எடுத்துத் தமிழாக்கி, ஊர் முழுதும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் வாசித்தார்கள்.

கணினி வந்தது பெரிதன்று. அது ஒலிபெருக்கியோடு இணைக்கப்பட்டதே பெரிது என்று நான் நினைக்கிறேன். படித்த இளைஞன் ஒருவன் அறைக்குள் அமர்ந்து பார்த்துத் தன் உறவினருக்கு மட்டும் சொல்லியிருக்கலாம். அவ்வாறு நிகழவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத கிழவியும் கரையில் நின்ற மகனும் ஒரே நொடியில் அதைக் கேட்டார்கள். கடற்கரையின் பழைய சட்டத்தோடு புதிய கருவி ஒத்துப்போயிற்று.

2004 டிசம்பர் 26 அன்று அதன் பயன் எவரும் எதிர்பாராத வகையில் தெரிந்தது. வீராம்பட்டினத்துக்குத் தெற்கேயுள்ள நல்லவாடு என்னும் மீனவர் ஊரைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் அப்போது சிங்கப்பூரில் இருந்தார். சுமத்திரா அருகே நிலநடுக்கம், ஆழிப்பேரலை என்ற செய்தியைக் கேட்டு வீட்டுக்குத் தொலைபேசியில் எச்சரித்தார். ஊரார் அறிவு மையத்துக்கு ஓடி, அலை உயரம் சொல்லும் அதே ஒலிபெருக்கியில் எல்லாரையும் வெளியேறச் சொன்னார்கள். படகுகளும் வீடுகளும் போயின. சுமார் 3,600 பேர் வாழ்ந்த அவ்வூரில் உயிர்கள் தப்பின. அன்று நம் கடற்கரையெங்கும் எத்தனை ஆலயங்களின் கல்லறைத் தோட்டங்களில் இடம் போதாமற் போயிற்று என்பதை அறிந்தவர்களுக்கு, ஓர் ஒலிபெருக்கியின் விலை என்னவென்று நான் சொல்லவேண்டியதில்லை.

மீனிருக்கும் இடத்தைச் சொல்லும் விஞ்ஞானமும் இப்போது வந்துவிட்டது. ஐதராபாத்தில் 1999இல் நிறுவப்பட்ட இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம், செயற்கைக்கோள்கள் அளக்கும் கடல்நீரின் வெப்பத்தையும் பச்சையத்தின் அளவையும் கொண்டு, மீன் கூடக்கூடிய பகுதிகளைக் கணித்து அறிவிக்கிறது. பச்சையம் மிகுந்த இடத்தில் நுண்பாசி இருக்கும். நுண்பாசியைத் தேடிச் சிறுமீன் வரும். சிறுமீனைத் தேடிப் பெருமீன் வரும். இன்ன துறையிலிருந்து இன்ன திசையில், இத்தனை தொலைவில், இத்தனை ஆழத்தில் என்று தமிழிலேயே செய்தி வருகிறது. வீணாக அலைந்து எண்ணெய் எரிப்பது குறையும். ஆனால் அச்செய்தி எல்லாருக்கும் ஒரே வேளையில் கிடைப்பதால், வலுவான எந்திரம் வைத்திருப்பவன் முந்திக்கொள்வானல்லவா? கட்டுமரக்காரன் போய்ச் சேர்வதற்குள் அங்கே என்ன மிஞ்சும்? இக்கேள்வியை வீராம்பட்டினத்துப் பெரியவர்தாம் கேட்டார். எனக்கு அதற்கு விடை தெரியவில்லை. கணிச்சத்தை மறைத்துவைத்த முன்னோர் பேராசைக்காரர் அல்லர் என்று மட்டும் தோன்றியது. பத்துப் பேருக்கு மட்டும் தெரிந்த பாரில் மீன் இனம் பெருகவும் இடமிருந்தது.

ஆபத்துச் செய்தி வந்து சேராமற் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஒக்கிப் புயலே சாட்சி. 2017 நவம்பர் 29ஆம் தேதியும் அதற்கு முன்பும் குமரிக் கரையிலிருந்து தொழிலுக்குச் சென்றவர்கள் பலர். தூத்தூர் வட்டாரத்தவர் பல நாள் தங்கி ஆழ்கடலில் சுறா பிடிப்பவர்கள். 30ஆம் தேதி அது புயலாக உருவெடுத்து அறிவிப்பு வெளியானபோது அவர்கள் செல்பேசி அலைக்கு எட்டாத தொலைவில் இருந்தனர். கரையில் ஆலய ஒலிபெருக்கிகள் ஒலித்து என்ன பயன்? தமிழகத்திலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கானோர் திரும்பவேயில்லை. அதன்பின் 2019இல் ஜெமினி என்னும் கருவி வந்தது. செயற்கைக்கோள் வழியாக ஆழ்கடலிலும் எச்சரிக்கையைப் பெற்றுத் தரும். ஆயினும் அது கேட்கும் காது மட்டுமே. பேசும் வாய் அதற்கு இல்லை. கடலிலிருப்பவன் தான் காண்பதைக் கரைக்குத் திருப்பிச் சொல்ல அதனால் இயலாது.

அவ்வாறு திருப்பிச் சொல்லும்போது விஞ்ஞானமும் செவிசாய்க்கிறது என்பதற்கு ஒரு சான்று உண்டு. காற்றோ மழையோ இல்லாத தெளிந்த நாளில் திடீரெனக் கடல் பொங்கிக் கரையேறுவதைத் தென்கோடி மீனவர்கள் ‘கள்ளக்கடல்’ என்பார்கள்; கள்வனைப்போல் சொல்லாமல் வருவதால் அப்பெயர். எங்கோ தெற்கே இந்தியப் பெருங்கடலில் எழும் புயல்களின் அலைகள் நாள்கணக்கில் பயணம் செய்து இங்கு வந்து மோதுவதே அது. 2012இல் யுனெஸ்கோ அச்சொல்லையே விஞ்ஞான வழக்காக ஏற்றது. இன்று ஐதராபாத்திலிருந்து வரும் எச்சரிக்கையிலும் அதே பெயர் இருக்கிறது.

குடும்பத்தோடு கடற்கரைக்குச் செல்லும் உள்நாட்டு வாசகர்கள் இதைக் குறித்துவைத்துக்கொள்ள வேண்டுகிறேன். 2024 மே 6 அன்று குமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில், வெளியூரிலிருந்து வந்திருந்த மருத்துவ மாணவர் ஐவர் அலையில் சிக்கி இறந்தனர். கள்ளக்கடல் எச்சரிக்கை முன்னரே வெளியாகியிருந்தது. வானம் தெளிவாக இருக்கிறதே என்று பார்க்காமல், கரையில் வலை உலர்த்துகிறவரிடம் ஒரு சொல் கேட்டுவிட்டு நீரில் கால் வையுங்கள்.

மாலையில் திரும்புகையில் பேருந்தில் நால்வரும் ஏரிப் பேச்சில் இறங்கினார்கள். அப்போதுதான் மூவர் ஏரியில் மீன் செத்தது வெளிவந்தது! மூவருக்கும் மேகமூட்டமான நாளுக்கு மறுநாள் விடியலில், அதே விதமாக. காரணம் நஞ்சன்று. பகலில் வெயில் பட்டால் பாசி நீருக்கு உயிர்வளி தருகிறது. இரவில் பாசியும் உயிர்வளியை உட்கொள்கிறது. வெயிலில்லாத நாளைத் தொடர்ந்து வரும் விடியலில் நீரில் உயிர்வளி மிகவும் குறைந்து, மீன் மேலே வந்து திணறுகிறது. அந்த நேரத்தில் புதுநீரை இறைத்துவிட்டோ, நீரைக் கலக்கி அடித்தோ, தீனியை நிறுத்தியோ பெரும்பகுதியைக் காப்பாற்றலாம். மீன்துறை அலுவலர்கள் இதைச் சொல்லியே வருகிறார்கள். கேட்டவர் அடுத்தவருக்குச் சொல்வதில்லை. விரைவில் கொழுக்கும் என்று செல்பேசியில் வரும் பேச்சை நம்பி ஆப்பிரிக்கக் கெளுத்தியை விடலாமா என்று ஒருவர் கேட்டார். மற்ற மீன்களையெல்லாம் தின்று தீர்க்கும் அவ்வினத்துக்கு 2000ஆம் ஆண்டிலேயே நாட்டில் தடை விதிக்கப்பட்டதை எடுத்துச் சொன்னேன். பொய்ச்செய்திதான் எவ்வளவு தாராளமாகப் பகிரப்படுகிறது!

அன்றுமுதல் அவர்களுக்குள் ஓர் ஏற்பாடு. மூடுபகலுக்கு மறுநாள் விடியற்காலை நான்கு மணிக்கு எவர் முதலில் ஏரிக்கரைக்குப் போகிறாரோ, அவர் மற்ற மூவரையும் தொலைபேசியில் எழுப்பவேண்டும். கடந்த கார்த்திகையில் இரண்டு முறை மணி அடித்தது. இரண்டு முறையும் இறைப்பு எந்திரம் நேரத்துக்கு ஓடிற்று. அவ்வாறு எழுப்பியவருடைய கட்லாதான் இவ்வாண்டு மற்றவர்களுடையதைவிடப் பெரிதாக வளர்ந்திருக்கிறது. குஞ்சு எங்கே வாங்கினீர் என்று கேட்டால், “பண்ணையிலேதான் சாமி” என்கிறார்.