நானூற்றிருபது

தகரக் கூரையில் சப்ரகமுவ மழை இறங்கினால் கீழே இருப்பவர்கள் பேசிப் பயனில்லை. அந்தக் கராஜில் எல்லாரும் பாதிப் பேச்சைக் கையாலேயே முடித்துக்கொள்வது அதனால்தான் போலிருக்கிறது. பெல்மதுளையிலிருந்து பலாங்கொடைக்குப் போகிற ஏ4 வீதியில், ரப்பர் மரங்கள் ஓய்ந்து மேலே தேயிலை தெரிய ஆரம்பிக்கிற ஒரு வளைவு. பஸ்ஸைத் தவறவிட்டு ஒதுங்கினேன். ஒரு பழைய டயரைக் கையால் காட்டினார்கள், உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் பிளேன்டீயும் ஒரு துண்டு கித்துள் கருப்பட்டியும் வந்தன. யார், எந்த ஊர் என்று ஒருவரும் கேட்கவில்லை.

எதிர்ச் சுவர் நிறையச் சோக்கட்டி எழுத்து. 'வெள்ளை வேன் 171'. 'டீச்சர் கார் 135'. 'கஹவத்தை லொறி 401'. பாதிக்கு மேல் குறுக்கே கோடு இழுத்து அடித்திருந்தது. கடன் கணக்கு என்றுதான் முதலில் நினைத்தேன்.

சாம்பல் நிறக் கார் ஒன்று விக்கியபடி உள்ளே வந்து நின்றது. ஜப்பானில் யாரோ ஓட்டித் தீர்த்து இங்கே அனுப்பியது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு அந்தக் கதவு மறுபடி திறக்க 2025 பெப்ரவரி ஆயிற்று. அந்த ஐந்து வருடத்தில் பழைய கார்களையெல்லாம் கிழவர்களைப் பார்த்துக்கொள்வதுபோலப் பார்த்துக்கொள்ள நாடு கற்றுக்கொண்டது. இறங்கியவனுக்கு முப்பது வயதிருக்கும். தோட்டத்திலிருந்து ஆட்களை ஆஸ்பத்திரிக்கும் டவுனுக்கும் ஏற்றிப் பிழைக்கிறவன் என்பது பேச்சில் தெரிந்தது. பின் சீட்டில் வெள்ளைச் சீருடையில் ஒரு சிறுமி, மடியில் திறந்த கொப்பி. அவள் இறங்கவில்லை.

"லைட்டு அணையவே மாட்டேங்குது பாஸ்."

பாஸ் என்பவருக்கு ஐம்பது தாண்டியிருக்கும். லயத்தில் பிறந்து, கொழும்பு பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளுக்கு நடுவே தொழில் படித்துத் திரும்பியவராம். வருகிற எல்லாருக்கும் அதைச் சொல்லும் வேலையை உதவிக்கு நின்ற பொடியன் வைத்திருந்தான். சிங்களத்தில் கேட்டவருக்குச் சிங்களத்தில் பதில் சொல்லிக்கொண்டே காருக்குள் தலையை விட்டார். மஞ்சள் நிறத்தில் எஞ்சின் படம் எரிந்துகொண்டிருந்தது.

டவுனில் ஏற்கனவே மூன்று பேர் பார்த்துவிட்டார்கள். முதலாமவர் மெஷினைக் குத்திப் பார்த்து, பி0420, கன்வெர்ட்டர் போச்சு, புதிசு போடு என்று ஒரு விலை சொன்னார். அந்த விலைக்கு மூன்று மாதம் ஓடவேண்டும். இரண்டாமவர் சிக்கனக்காரர்: கழற்றி, உள்ளே இருப்பதைத் தட்டிக் கொட்டிவிட்டு வெறும் கூட்டை மாட்டலாம். மூன்றாமவர் அந்தக் கொட்டியதைத் தானே வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.

"நானூத்தி இருபதுன்னு வந்தாலே அதுதான் கள்ளனாம் பாஸ்."

தமிழ்ப் படம் பார்த்த எவருக்கும் இந்த எண்ணை விளக்க வேண்டியதில்லை. 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் ஏமாற்றுக்கான பிரிவு அது. 2024 ஜூலையில் வந்த புதிய சட்டம் அந்தக் குற்றத்தை 318க்கு மாற்றிவிட்டது. இலங்கைச் சட்டத்தில் ஏமாற்றுக்கு அந்த எண் இருந்ததே இல்லை. இருந்தும் லயத்து வாசலில் சண்டை வந்தால் 'ஃபோர் ட்வென்டி' என்றுதான் ஏசுகிறார்கள். காரின் கணினிக்கு இந்தக் கதையொன்றும் தெரியாது. அது சொல்வது இவ்வளவுதான்: புகையைச் சுத்தமாக்குகிற கன்வெர்ட்டரின் வேலைத்திறன் இருக்கவேண்டிய அளவுக்குக் கீழே தெரிகிறது. தெரிகிறது என்ற சொல்லை டவுனில் யாரும் காதில் வாங்கவில்லை.

பாஸ் எதையும் குத்தவில்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டு கேள்விகளை ஆரம்பித்தார்.

"வெள்ளத்துல நின்ன வண்டியா?"

இரத்தினபுரிப் பக்கத்தில் இது கேட்கவேண்டிய கேள்வி. களுகங்கை 2003 மேயிலும் 2017 மேயிலும் ஊருக்குள் வந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. சூடேறிய பீங்கானில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்பதைச் சமையலறைக்காரர் யாரும் சொல்வார்கள். கன்வெர்ட்டருக்குள் இருப்பதும் ஒருவகைப் பீங்கான்தான். இல்லை, தண்ணீரில் நிற்கவில்லை. எஞ்சின் எண்ணெய் குறைகிறதா? இல்லை. வரிசைக் காலத்தில் போத்தல் பெற்றோல் அடித்ததுண்டா?

அவன் சிரித்தான். 2022 ஜூலையில் ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபாய் வரை போனபோது மண்ணெண்ணெய் 87 ரூபாய்தான். இரண்டையும் ஒரே போத்தலில் ஊற்ற யாருக்கும் படிப்பு தேவைப்படவில்லை. "மூணு நாலு தடவை அடிச்சேன் பாஸ். நாத்தமே வேற மாதிரி இருந்துச்சு."

அடுத்த கேள்விதான் எனக்குப் பிடித்தது.

"லைட்டு சும்மா எரிஞ்சிச்சா, மினுங்கிச்சா?"

அவன் யோசித்தான். சிறுமி கொப்பியிலிருந்து தலை தூக்காமலேயே சொன்னாள்: "ஏத்தத்துல மினுங்கும்பா. ஸ்டோருக்குக் கிட்ட."

பாஸ் முதல்முறையாக அந்தப் பிள்ளையைப் பார்த்தார். அந்த விளக்கு நின்று எரிந்தால் வந்து பார் என்று அர்த்தம். மினுங்கினால் ஏதோ ஒரு சிலிண்டரில் பெற்றோல் எரியாமல் அப்படியே பின்னால் போகிறது, கன்வெர்ட்டர் வெந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

அதற்குப் பிறகுதான் ஸ்டியரிங்குக்குக் கீழே, தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிதான ஒரு கறுப்புக் கட்டை குத்தப்பட்டது. பதினாறு ஊசித் துளைகள் கொண்ட அந்த வாய் அமெரிக்காவில் 1996 முதல் கட்டாயமாகி, மெல்ல மெல்ல உலகக் கார்களுக்கெல்லாம் பொதுவானது. கண்ணாடி வெடித்த ஒரு பழைய போனில் எண்கள் விழுந்தன. பி0420 இருந்தது. அதற்குக் கீழே, விளக்கை ஏற்றுமளவுக்கு இன்னும் உறுதிப்படாமல் காத்திருந்தது இன்னொன்று: பி0302. இரண்டாம் சிலிண்டர் தப்பி எரிகிறது. டவுனில் முதல் வரியோடு வாசிப்பதை நிறுத்தியிருக்கிறார்கள்.

பொடியனுக்குப் பாடம் நடந்தது. கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒரு சென்சர், பின்னால் ஒரு சென்சர். "கொழுந்து ஸ்டோருக்குள்ள போகுது, தூளா வெளிய வரணும். கொழுந்தாவே வெளிய வந்தா?"

"ஸ்டோர்ல வேலை நடக்கல."

"அழுகின கொழுந்த உள்ள அனுப்பினா?"

பொடியன் பதில் சொல்லவில்லை. பாஸும் காத்திருக்கவில்லை.

போனில் இரண்டு கோடுகள் ஓடின. முன் சென்சரின் கோடு 0.1 வோல்ட்டுக்கும் 0.9க்கும் இடையே குரங்குபோலத் தாவியது. அதன் இயல்பே அதுதான். கன்வெர்ட்டருக்குள் பூசப்பட்ட சீரியம் ஒட்சிசனை வாங்கி வைத்து, வேண்டும்போது விடும். அது உயிரோடிருந்தால் பின் கோடு 0.6, 0.7 என்று ஒரே மட்டத்தில் சோம்பிக் கிடக்கும். இங்கே பின் கோடும் முன் கோட்டைப் பார்த்துத் தாவிக்கொண்டிருந்தது. டவுன்காரர் பொய் சொல்லவில்லை. பாதி சொன்னார், அவ்வளவுதான்.

சைலன்சர் வாயில் ஒரு கடதாசித் துண்டைப் பிடித்தார் பாஸ். அது வெளியே தள்ளப்பட்டுக்கொண்டே இருக்கவேண்டும். இடையிடையே உள்ளே இழுபட்டது. பிளக்குகள் கழன்றன. மூன்று வெளிறிய பழுப்பு. இரண்டாவது மட்டும் கறுத்து, பெற்றோலில் நனைந்திருந்தது. புதிய பிளக் போடச் சொல்வார் என்று நினைத்தேன். அவரோ இரண்டாம் சிலிண்டரின் கொயிலைப் பிடுங்கி மூன்றாவதில் செருகினார், மூன்றாவதன் கொயிலை இரண்டாவதில் வைத்தார். மழைக்குள்ளேயே மேட்டில் ஏறி இறங்கி வந்தார்கள். போனில் இப்போது பி0303. நோய் வீடு மாறியிருந்தது. கொயிலைக் கையில் எடுத்து அவனிடம் காட்டினார். அதன் உடம்பில் மயிரிழை வெடிப்பு ஒன்று.

பஞ்சிகாவத்தையிலிருந்து வந்த பழைய கொயில் ஒன்று அலமாரியில் இருந்தது. அதைப் போட்டதும் எஞ்சினின் விக்கல் நின்றுவிட்டது. அவன் பணத்தை எடுக்கச் சட்டைப் பையில் கை வைத்தான். பாஸ் கையால் தடுத்துவிட்டுக் காருக்கு அடியில் போனார்.

அங்கே பின் சென்சருக்குச் சற்று முன்னால், குழாய்கள் சேருமிடத்தில் கரிப்புகை ஒழுகிய தடம். இந்த ஊர் மழை இரும்பைத் தின்னும். துரு பிடித்த நட்டுகளைச் சுட்டு இளக்கியதில் ஒன்று முறிந்தது. அதற்கு ஒரு கெட்ட வார்த்தை, சிங்களத்தில். கடைசியில் கன்வெர்ட்டரையே கழற்றிக் கைக்குழந்தையைத் தூக்குவதுபோல வெளியே கொண்டுவந்தார்கள்.

பொடியன் ஒரு முனையில் டார்ச்சைப் பிடித்தான். பாஸ் மறு முனையில் கண்ணை வைத்தார். இரத்தினபுரி டவுனில் எந்தக் காலையிலும் பார்க்கக் கிடைக்கிற காட்சி இது, கையில் இருப்பது நீலக் கல்லாக இருந்தால். உள்ளே தேன்கூடு, ஒரு சதுர அங்குலத்துக்கு நானூறு துளை என்பது சாதாரணக் கணக்கு. அந்தச் சுவர்களில் கண்ணுக்குத் தெரியாமல் பிளாட்டினம், பலேடியம், ரோடியம். மூன்றும் சேர்ந்து சில கிராம்தான் இருக்கும். 2021 மார்ச்சில் ரோடியம் அவுன்ஸ் 29,000 டொலரைத் தாண்டியபோது, கார் நிறுத்திய இடத்திலேயே இதை அறுத்துக்கொண்டு போகிற திருட்டு பல நாடுகளில் பெருகியது. மாணிக்கக் குழியில் இல்லத்தை, அதாவது கல் கிடக்கிற சரளை மண்ணை, கூடையில் போட்டு அலசுகிற ஊருக்கு இது விளங்காத விஷயமா? பீங்கான் தூளும் ஒருவகை இல்லம்தான்.

ஒதுங்க வந்த இன்னொருவர் சாக்குப் பையோடு மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்றார். கன்வெர்ட்டர் வெளியே வந்ததும் அவர் நிமிர்ந்துவிட்டார். கூரை இரைச்சலில் விரல்களை விரித்து ஒரு கணக்குக் காட்டினார். பாஸ் தலையசைத்தார். விரல்கள் கூடின. பாஸ் திரும்பவே இல்லை. கார்க்காரன் மட்டும் அந்த விரல்களை எண்ணிக்கொண்டிருந்தான்.

ஒரு மூலையில் மட்டும் இருட்டு. அங்கே தேன்கூடு உருகி அடைபட்டிருந்தது. எரியாத பெற்றோல் உள்ளே வந்து எரிந்த இடம். மற்றத் துளைகளில் வெளிச்சம் வந்தது. சிறுமி இப்போது இறங்கி வந்திருந்தாள். பாஸ் ஒன்றும் சொல்லாமல் அவள் உயரத்துக்குத் தாழ்த்திப் பிடித்தார். அவள் நெடுநேரம் பார்த்தாள்.

ஈயம் கலந்த பெற்றோல் இலங்கையில் 2002 வரை விற்றது. ஈயம் பட்டால் இந்தத் தேன்கூடு செத்துவிடும். 1950களில் இப்படியொரு கருவியைச் செய்த பிரெஞ்சுக்காரர் யூஜின் ஹௌட்ரிக்கும் அதே ஈயம்தான் குறுக்கே நின்றது. 1975ஆம் ஆண்டு அமெரிக்கக் கார்களில்தான் இது பரவலாகப் பொருத்தப்பட்டது. சரியான பெற்றோல் வந்த பிறகுதான் இதற்கு இந்த மலையில் வாழ்க்கை. அதைத் தட்டிக் கொட்டச் சொல்கிறார்கள்.

புதிய கேஸ்கட் வைத்து மாட்டினார்கள். எஞ்சினை 2500 சுற்றில் பிடித்து வைத்தான் பொடியன். கன்வெர்ட்டர் 250, 300 பாகைக்கு மேல் சூடேறினால்தான் விழிக்கும் என்பதால் பேச்சில்லாத காத்திருப்பு. பின் கோடு தாவியது. பிறகு தாவலின் உயரம் குறைந்தது. முழுதாகப் படுக்கவில்லை, தூக்கம் வராத ஆள் புரண்டு படுப்பதுபோல அவ்வப்போது எழுந்தது.

"பாதி உசிரு இருக்கு தம்பி. ஓடட்டும்."

"லைட்டை அழிச்சு விட்டுருங்க பாஸ். அடுத்த மாசம் எமிஷன், லைசனும் முடியுது."

2008இல் தொடங்கிய புகைப் பரிசோதனை அது. வருடா வருடம் அந்தச் சான்றிதழ் இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் கிடையாது. அங்கே சைலன்சருக்குள் குழாயை விட்டுக் காபனோரொட்சைட்டையும் ஐதரோகாபனையும் அளப்பார்கள். விளக்கு எரிவது அந்தக் கணக்கில் சேராது. பாஸ் இதைச் சுருக்கமாகச் சொன்னார்: "அது வேற பரீட்சை. அதுல பாஸாயிருவ. அழிக்கிறேன், ஆனா இருநூறு கிலோமீற்றர் ஓடிட்டு வா. மறுபடி விழுதான்னு பாக்கணும். வெட்டச் சொல்லி எவன் சொன்னாலும் வெட்டாத."

அவன் சாவியைத் திருப்பினான். டாஷ்போர்டில் எல்லா விளக்கும் ஒன்றாக எரிந்தன, மஞ்சளும். அவன் முகம் விழுந்தது. "எல்லாம் எரியும்ணே, பொறவு அணையும்" என்றான் பொடியன். எஞ்சின் பிடித்ததும் அணைந்தது. கொயிலுக்கும் கேஸ்கட்டுக்கும் பாஸ் சொன்ன தொகை விரல்காரர் காட்டியதில் கால்வாசிகூட இல்லை. அவன் இரண்டு முறை எண்ணிக் கொடுத்தான். சிறுமி முன் சீட்டில் ஏறிக்கொண்டாள், விளக்கு இருந்த இடத்தைப் பார்க்க வசதியாக.

கார் மேட்டில் மறைந்தது. சாக்குப் பைக்காரரும் மழையில் கிளம்பிவிட்டார். பாஸ் சோக்கட்டியை எடுத்துச் சுவரில் எழுதினார்: 'தோட்டத்துக் கார் 302, 420'. முந்நூற்று இரண்டின் மேல் கோடு இழுத்தார். மற்றதன் மேல் இழுக்கவில்லை.